பல்வலிக் கடிதம்

வாண்டுவின் படிப்புக்குப் பணம் அனுப்புகிற வெளிநாட்டு மாமா, சொல்லாமல் கொள்ளாமல் காப்பகத்துக்கே வந்துவிட்டார். காப்பகத்து டைப்பிஸ்ட் அக்கா வாண்டுவைத் தேடி ஓடினாள்.

பேனாவைத் தொட்டாலே வாண்டுவுக்குக் கொட்டாவி வரும். அதனால் மூன்று வருஷமாக அவள் பெயரில் மாமாவுக்குக் கடிதம் எழுதுவது அக்காதான். விஷயம் கிடைக்காத மாதங்களில் தன் கதையையே எழுதிவிடுவாள். கடைசியாக எழுதியது, தன் கடைவாய்ப் பல்வலியை.

"என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லுடி தங்கம்," என்று வாண்டுவிடம் கெஞ்சிவிட்டு, வீங்கிய கன்னத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள் அக்கா.

மாமா உட்கார்ந்தார். அவருடைய செக்ரட்டரி ஃபைலோடு பின்னால் நின்றார்.

"என் லெட்டரெல்லாம் படிச்சியாம்மா?"

"ஆமா."

"நீ எழுதினதெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு."

"ஆமா."

அதற்கு மேல் மாமாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. விட்டத்தைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மெல்லத் திரும்பிச் செக்ரட்டரியைப் பார்த்தார்.

செக்ரட்டரியோ அக்காவின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க," என்றார் தாழ்ந்த குரலில், "கிராம்பு வைக்கச் சொல்லி அவ்வளவு தூரம் எழுதினேனே, வைக்கவே இல்லையா?"

அக்கா கைக்குட்டையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள்.

"ஆமா," என்றாள் வாண்டு.