முதுகுவலிக்கு ஒரு பனிமலை

பனிச்சறுக்கு விளையாடப் போவது என்று ஐயப்பன் முடிவு செய்தது பனிமேல் உள்ள ஆசையால் அல்ல, போர்மேன் வேலைமேல் உள்ள ஆசையால்.

துபாயிலிருந்து இரண்டு மணி நேர பஸ் தூரத்தில், முசஃபாவில் ஏசி பழுது பார்க்கும் கம்பெனி. போர்மேன் இடம் காலியாகி ஒரு மாதம் ஆகிறது. போர்மேனுக்குத்தான் ஃபேமிலி விசா கிடைக்கும். பதினோரு வருடமாக மனைவி அகிலாவோடு வீடியோ காலில் குடும்பம் நடத்தும் ஐயப்பனுக்கு அந்த இடம் வந்தே ஆக வேண்டும். குறுக்கே நிற்பவன், அதே ரூமில் கீழ்க்கட்டிலில் படுக்கும் குளச்சல்காரன் செல்வசிங். வந்து நாலே வருடம்தான். ஆனால் ஒரு நாள்கூட சிக் லீவ் போட்டதில்லை என்று மானேஜர் ஹசன் அலிக்கு அவன்மேல் தனிப் பிரியம். பொய் சிக் லீவ் போடுகிறவனைக் கண்டால் மானேஜருக்கு ஆகாது. போன வருடம் இரண்டு பேரை ஊருக்கே அனுப்பியிருக்கிறார்.

"போட்டதில்லையா? போட வச்சிருவோம்" என்று ஐயப்பன் மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

அன்று மாலையே பேச்சை எடுத்தான்.

"துபாயில மாலுக்குள்ளயே பனிமலை வச்சிருக்கான்டா. நான் மூணு தடவ போயிருக்கேன். செவ்வாக்கிழமை எனக்கு ஆஃப். நீயும் வா."

"எனக்கு அது தெரியாதுண்ணே. கடல்ல தள்ளி விட்டா நீந்துவேன். பனியில விழுந்தா என்ன செய்ய?"

"முதல்ல ஒரு மணி நேரம் மாஸ்டர் சொல்லித் தருவாரு. ரெண்டு காலோட முனையையும் உள்பக்கமாத் திருப்புனா நின்னுரும், அதான் பிரேக்கு. கோட்டு, பூட்ஸு, ஹெல்மெட்டு எல்லாம் அங்கயே குடுப்பான். கையுறை மட்டும் வாங்கிக்க."

"செவ்வாக்கிழமை எனக்கு டியூட்டியாக்குமே?"

"முதுகுவலின்னு சொல்லு. முதுகுவலிய எந்த மெஷினும் கண்டுபிடிக்காது."

செல்வசிங் நெளிந்தான். பொய் சொல்லிப் பழகாத முகம் அவனுக்கு. கடைசியில் அவனை மசிய வைத்தது சாப்பாட்டுப் பேச்சுதான்.

"அங்க சோறு கிடைக்குமாண்ணே? நான் வேணா மீன்கறியும் சோறும் கட்டி எடுக்கட்டா?"

"வெளிச் சாப்பாட்ட உள்ள விடமாட்டான். காலையில பஸ் ஏறுற இடத்துல மலையாளி கடையில ரெண்டு புரோட்டா, அவ்வளவுதான். வயித்த நிறைச்சுக்கிட்டு சறுக்குனா எல்லாம் வெளிய வந்துரும். மத்தியானம் அந்தச் சரிவு மேலயே ஒரு ஓட்டல் இருக்கு. கண்ணாடி ஓரத்து மேசை. சூப்பு, கோழி எல்லாம் உண்டு. செலவு என்னுது."

ஐயப்பன் தன் கைக்காசைச் செலவழிப்பது அந்த ரூம் கண்டிராத அதிசயம். அதற்குக் காரணம் இருந்தது. பனிக்குள் எல்லாருக்கும் ஒரே நிறக் கோட்டு, ஹெல்மெட், முகம் மறைக்கும் கண்ணாடி. பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியாது. முகம் வெளியே வருவது சாப்பிட உட்காரும்போது மட்டும்தான். போட்டோவுக்கு முகம் வேண்டுமே!

செவ்வாய்க்கிழமை காலை செல்வசிங் ஆபீசுக்குப் போன் செய்து, முதுகைப் பிடித்துக்கொண்டே முதுகுவலி என்று சொன்னான். போனில் தெரியாது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

பனியில் முதல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேதான் இறங்கினான். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இரண்டு முறை கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். மூன்றாவது முறை நின்றபடியே கீழே வந்து சேர்ந்ததும், "அண்ணே, நான் விழல! பாத்தீங்களாண்ணே!" என்று கத்தினான். ஐயப்பனுக்கு ஒரு நிமிடம் பாவமாகத்தான் இருந்தது. அகிலாவை நினைத்து மனதைத் திடப்படுத்திக்கொண்டான்.

ஓட்டலில் செல்வசிங் ஹெல்மெட்டைக் கழற்றினான். ஐயப்பன் கழற்றவில்லை. "குளிருதுடா" என்று கண்ணாடியைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, ஒரு போட்டோ எடுங்க. ஊருல என் பொண்டாட்டி ஷிஜிக்குக் காட்டணும்."

கேட்டு வாங்கிக்கொள்கிறானே! ஐயப்பன் எடுத்தான். செல்வசிங்கின் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது, பல் முப்பத்திரண்டும் தெரிந்தன. அது போதும்.

திரும்பி வந்ததும், கம்பெனியில் யாருக்கும் தெரியாத தன் ஊர் நம்பரிலிருந்து மானேஜரின் வாட்ஸப்புக்குப் படத்தை அனுப்பினான். கூட ஒரு எழுத்துகூட எழுதவில்லை. எழுதினால் நடையை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்கிற முன்ஜாக்கிரதை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மானேஜர் செல்வசிங்கைக் கூப்பிட்டனுப்பினார். கால் மணி நேரத்தில் அவன் கையில் ஒரு தாளோடு, கண் கலங்க வெளியே வந்தான். ஐயப்பன் ஆறுதல் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தான்.

"என்னடா, ஊருக்கு அனுப்புறாங்களா?"

"இல்லண்ணே. என்னைய போர்மேன் ஆக்கிட்டாரு."

ஐயப்பன் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

"நாம ஓட்டல்ல எடுத்த போட்டோ சார் கிட்ட இருக்குண்ணே. யாரோ அனுப்பிருக்காவ. இத எடுத்தது யாரு, இன்னும் யாருகிட்டயெல்லாம் இருக்குன்னு திரும்பத் திரும்பக் கேட்டாரு. வேல போனாலும் பரவால்ல, உங்களக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு நான் வாயே தொறக்கல. அவருக்கு வேர்த்து ஊத்துது. கடைசியில, சரிப்பா, போர்மேன் வேலை போதுமா, இதோட விட்டுருவியான்னு கேட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாருண்ணே!"

ஐயப்பன் செல்போனை எடுத்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

செல்வசிங்கின் தோளுக்குப் பின்னால், அடுத்த மேசையில், ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வாய் நிறைய ஐஸ்கிரீமோடு உட்கார்ந்திருந்தார், அன்றைக்குக் கடும் காய்ச்சல் என்று அரபி முதலாளியிடம் சிக் லீவ் வாங்கியிருந்த மானேஜர் ஹசன் அலி.