வாசலில் வேண்டாத பெயர்

பத்திர எழுத்தரின் அறையில் மின்விசிறிக் காற்றுக்கு உயிலின் ஓரம் படபடக்கிறது. செங்கமலம் அதன் மேல் கருவாட்டு வாசனை போகாத கையை ஊன்றியிருக்கிறாள். தனக்குப் பிறகு வீடும் மனையும் ஊர்க் கல்யாண மண்டபம் கட்ட என்று இப்போதுதான் ரேகை வைத்தாள். புருஷனைக் கடல் கொண்டுபோனதிலிருந்து முப்பது வருஷமாக, ஆசீர்வாதம் வாங்கச் சுற்றிவரும் தாலித் தட்டு எந்தக் கல்யாணத்திலும் அவளைத் தாண்டித்தான் போகிறது. "எம்பேரைக் கல்லுல வெட்டி வாசல்ல பதிச்சிருங்க தம்பி," என்கிறாள். பஞ்சாயத்துத் தலைவர் ஆனந்தராஜ் தன் கால்விரலைப் பார்க்கிறார். "வாசல்ல வேணாங்க்கா. பொண்ணு மாப்ள நொழையிற எடம். சமையக்கட்டுப் பக்கமா பதிச்சிரலாம்." வெளியே நிலக்கரி லாரி ஒன்று சன்னலை அதிரவைத்துக் கடக்கிறது. அவள் பெருவிரலைச் சேலைத் தலைப்பில் நிதானமாகத் துடைக்கிறாள், மை போகவில்லை. எழுத்தர் பக்கம் திரும்புகிறாள். "சாவுற வரைக்கும் இதை மாத்தி எழுதலாம்னு சொன்னீங்கள்ல?"