மேகத்துக்கு ஒரு பாவாடை

பாவாடை தொளதொளவென்று இருந்தது. சிறுமி அதை இரண்டு கையாலும் இடுப்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். கையை எடுத்தால் கீழே விழுந்துவிடும்.

நாளைக்குப் பள்ளியில் ஆட்டம். சிறுமி மேகங்களில் ஒருத்தி. மேகத்துக்கு வசனம் கிடையாது, சுற்றினால் போதும். சுற்றும்போது குடை மாதிரி விரிகிற வெள்ளைப் பாவாடையாக இருக்கட்டும் என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார்.

"கடையில வாங்கிக்கலாம்" என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள், "நான் எதுக்குக்கா இருக்கேன்?" என்று தங்கைக்காரி இவள் முந்திக்கொண்டாள்.

வந்த நாளிலிருந்து அக்கா வீட்டில் இவளை ஒரு வேலையும் தொட விடவில்லை. டீகூட உட்கார்ந்த இடத்துக்கு வந்தது. நல்ல தம்ளரில் வந்தது.

தையல் இவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தூர தேசத்தில் ரெடிமேட் கம்பெனியில் குப்பை கொட்டியவள். எட்டு வயதென்றால் இடுப்பு இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அளவே எடுக்கவில்லை. துணியை வட்டமாக வெட்டி, ஓரம் மடித்து, இடுப்புக்குப் பட்டி வைத்து, சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிட்டாள்.

கம்பெனிக் கணக்கு இந்தப் பிள்ளையிடம் பலிக்கவில்லை.

"இவ்ளோ ஒல்லியா நீ?" என்று சிரித்தபடி முட்டி போட்டு உட்கார்ந்தாள். நாலைந்து குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டு, பட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து ஒவ்வொன்றாகச் செருகினாள்.

சிறுமி அசையவில்லை. திரும்பு என்றால் திரும்பினாள். கையைத் தூக்கு என்றால் தூக்கினாள். மற்ற நேரமெல்லாம் வயிற்றை எக்கிக்கொண்டு எதிர்ச்சுவரையே பார்த்தாள்.

இந்த வயதில் எந்தப் பிள்ளை இப்படி நிற்கும்? இந்நேரம் நெளிந்து, கூச்சம் என்று சிரித்து, ஓடிப்போயிருக்கும். அக்கா நன்றாகத்தான் வளர்த்திருக்கிறாள்.

"எங்க, ஒரு சுத்து சுத்து."

சிறுமி கொஞ்சம் தயங்கினாள். பிறகு சுற்றினாள். பாவாடை அப்படியே எழும்பி விரிந்தது.

இவளுக்குத் தாங்கவில்லை, கைதட்டிவிட்டாள். இன்னொரு தடவை என்றாள். சிறுமி இன்னொரு தடவையும் சுற்றினாள்.

"எங்கயாவது குத்துதா?"

"இல்ல. ரொம்ப நல்லா இருக்கு. நீங்க நல்லா தைக்கிறீங்க."

மெதுவாகக் கழற்றி, நாலாக மடித்து, இரண்டு கையாலும் கொடுத்தாள். தேங்க்ஸ் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இவள் மிஷின் முன்னால் உட்கார்ந்து பட்டியைத் திருப்பினாள்.

உள்பக்கம் சிவப்பாக ஒரு பொட்டு. பக்கத்தில் கோடு மாதிரி இழுபட்டிருந்தது. வெளியே வந்திருக்க வேண்டிய ஊசிமுனை ஒன்று உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது.

அது இவள் முதலில் செருகிய ஊசி.

அப்படியென்றால் திரும்பும்போதும் குத்தியிருக்கிறது, கையைத் தூக்கும்போதும் குத்தியிருக்கிறது. இரண்டு சுற்று சுற்றும்போது கீறியிருக்கிறது. இவள் கைதட்டியிருக்கிறாள்.

காது மடல் சுட்டது.

"அம்மா!"

அடுப்படியிலிருந்து வந்தது சத்தம். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக உடைந்து வந்த அழுகை.

"என்னம்மா?" என்று இவள் எழுந்தேவிட்டாள். பாவாடை மடியிலிருந்து நழுவியது. நடையைத் தாண்டி அடுப்படி வாசல்வரை ஓடிப் போய்விட்டாள்.

உள்ளே சிறுமி அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முகத்தை வயிற்றில் புதைத்திருந்தாள். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சட்டையை விலக்கிப் பார்த்தாள்.

"ஐயய்யோ, என்னடி இப்படிக் கீறியிருக்கு! அங்கயே சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிம்மா சொல்றது? அவங்க ஆசையா தைக்கிறாங்க."

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"அவதானேடி உன்னைப் பெத்தவ. அவகிட்ட அழாம யார்கிட்ட அழுவே?"

சிறுமி இன்னும் இறுக்கமாக அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டு பேரும் நிமிர்ந்து பார்ப்பதற்குள் இவள் பின்வாங்கிவிட்டாள்.

தவழ்கிற பிள்ளையை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் போனவள் இவள். அதன்பிறகு பார்த்ததெல்லாம் ஃபோனில்தான். ஃபோனில் முகம் தெரியும். பல் விழுந்தது தெரியும், முளைத்தது தெரியும். இடுப்பு தெரியாது.

அம்மா என்ற குரல் கேட்டதும், யாரைக் கூப்பிடுகிறாள் என்றுகூட யோசிக்காமல் ஓடிய கால்கள் இப்போது தரையில் பதியக் கூசின.

பாவாடையைப் பொறுக்கி எடுத்தாள். அக்கா வரும் சத்தம் கேட்டது. சட்டென்று பட்டியை ஊசிக்கு அடியில் தள்ளி, மிஷினை வேகமாக மிதித்தாள்.

அக்கா கதவருகே வந்து நின்றாள்.

"என்னக்கா? மிஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

அக்கா இவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மிஷினைப் பார்த்தாள். பட்டி ஊசிக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஊசியில் நூல் இல்லை.

"ஒண்ணுமில்ல, நீ தை" என்று சொல்லிவிட்டு, அக்கா கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.