செவ்வாய்க்கிழமைக் கட்டு

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது என்பது பழைய ஓ.பி. சீட்டில்தான் இருந்தது. அதைப் பார்க்காமல் நாளைய ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்ன டாக்டர், பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். எழிலரசி பதிவறைக்கு ஓடினாள்.

"பத்து நாள் கழிச்சு வாம்மா," என்றார் கிளார்க்.

"அதுவரைக்கும் எங்கம்மா இருக்கணுமே சார்."

"இங்க பேரை வச்சு அடுக்குறதில்ல. வந்த கிழமைய வச்சுத்தான் கட்டு. பிரிச்சுத் தேட நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

"மூணு வருஷத்துக்கு முன்னாடி, செவ்வாய்க்கிழமை. மில்லு லீவு அன்னைக்குத்தான். வேற கிழமையில எங்கம்மாவுக்கு நோவே வராது."

கிளார்க் மூலையைக் காட்டினார். அந்த வருடத்துச் செவ்வாய்க்கிழமைகள் எல்லாம் வெள்ளைத் துணியில் ஒரே மூட்டையாகக் கிடந்தன. எழிலரசி அதைப் பிரிக்கவில்லை. அப்படியே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, வெளிய கொண்டுபோகக் கூடாது. ரூல் இருக்கு."

"அதை டாக்டர்கிட்ட வந்து சொல்லுங்க. அப்படியே ரெண்டு பேருமாத் தேடலாம்."

வராந்தாவில் தங்கள் சீட்டுக்காகக் காத்திருந்தவர்களில் ஒரு கைக்குழந்தைக்காரி கேட்டாள்: "அது எந்தக் கிழமைக் கட்டுக்கா?"

"செவ்வாய்."

அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். பின்னாலேயே பாதி பெஞ்சு எழுந்தது. படியேறும்போது மணி பதினொன்றே முக்கால். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கிளார்க்கின் குரல் கேட்டது: "பாத்துப் போம்மா, முடிச்சு அவுந்துடப் போவுது."

எழிலரசி டாக்டரின் கதவைக் காலால் தள்ளினாள்.