காயாத பசை

“திரும்பவும் சார்ஜர் வயர் அறுந்திட்டா? நாள் முழுக்க வீடியோவில நிக்கோணும் என்டு கஜானிக்குச் சொன்னனா, இல்லையா?”

கட்டாரிலிருந்து மகன் தனோஜன் போட்ட சத்தத்தில் நேசம்மாவின் பட்டன் போனே அதிர்ந்தது. சார்ஜ் தீர்ந்து அணைந்துபோன தன் ஸ்மார்ட் போனோடு மருமகள் கஜானி பக்கத்தில் நின்றாள்.

“உன்ட பொஞ்சாதி இழுக்கிற இழுவைக்கு இரும்புக் கம்பியும் அறும், மகன்!” என்று மாமியாரும் சேர்ந்து கத்தினாள். மாவைப் போலப் பிசைந்த பசையை வயரைச் சுற்றி அமுக்கினாள். “ஒட்டியிருக்கன். காய ஒரு நாள் ஆகும். அதுவரைக்கும் தொட ஏலாது.”

“வந்து கவனிக்கிறன் அவளை!”

போன் வைக்கப்பட்டதும் கஜானி வெடித்தாள். “நான் வயரைத் தொடவே இல்ல மாமி! ஏன் பொய் சொன்னீங்க?”

நேசம்மா மடியில் செருகியிருந்த கத்தரிக்கோலை மேசையில் எறிந்தாள்.

“நான்தான் வெட்டினன். நீ அரிசி வாளிக்குள்ள ஒளிச்ச இன்டர்வியூ கடிதத்தைப் பார்த்தன். பத்து மணி பஸ்ஸுக்கு வெளிக்கிடு, புள்ள!”

கஜானி கத்தரிக்கோலையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன பார்க்கிறாய்? அவன்ட அப்பனும் என்னை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டினவன்தான். அந்தப் பூட்டை உடைக்க எனக்கொரு மாமி இருக்கல்ல!”