ஏழாவது குழாய்

"மார்ச் 14. ஏழாவது குழாயின் மூடியில் தேதி எழுத மறந்தேன். என் தப்பு."

தினமும் ஒரு பதிவு எழுதச் சொல்லியிருந்த மாலை வகுப்பு நோட்டில், ஆய்வக உதவியாளரான அவள் இதை ஆத்திரத்தோடு எழுதினாள். தேதியை மறந்ததை ஒப்புக்கொள்ளலாம். ஆய்வகத்து மேடம் சுமத்தும் பழியை எப்படி ஒப்புக்கொள்வது?

எட்டுக் குழாய்களிலும் நல்ல புரதமும், உயிரணுவிலிருந்து எடுத்த துணைப்புரதமும் மட்டுமே இருந்தன. துணைப்புரதம் தானாக உருமாறாது. அது பக்கத்தில் இருந்தாலே போதும், நோய் உண்டாக்கும் வளைந்த புரதம், அதாவது நோய்ப்புரதம், நல்லதையும் தன்னைப்போலச் சுலபமாக வளைத்துவிடும். ஆனால் நோய்ப்புரதத்தை யாரும் சேர்க்கவில்லை. அப்படியும் மூன்று நாளாக ஏழாவது குழாயில் மட்டும் புரதம் வளைந்தது, சோதனை தொடங்கிச் சரியாகப் பதினோரு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆனதும். அந்த நோயில் செத்த அவளுடைய அண்ணனின் திசு மாதிரியைச் சேர்த்தால் மட்டுமே சரியாக அந்த நேரத்தில் வளையும். அதை இரண்டு வருடத்துக்கு முன் அவளே உலையில் போட்டு எரித்திருந்தாள்.

அன்று பகலில் மேடம் கேட்டிருந்தார்: "கொஞ்சம் ஒளிச்சு வச்சிருக்கியாம்மா? உண்மைய சொல்லு, இல்லன்னா வேலை போயிடும்."

"எங்கண்ணன் என்ன வாசனைத் தைலமா மேடம், சொட்டு சொட்டா ஒளிச்சு வைக்க? நாளைக்கு நீங்களே ஊத்துங்க. நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு மேடமே புதுக் குழாய்களில் ஊற்றினார். அவள் பக்கத்தில் நின்றாள், எதையும் தொடவில்லை. மாலை ஐந்து நாற்பதுக்கு ஏழாவதில் புரதம் வளைந்தது. மேடம் கையுறையைக் கழற்றிவிட்டுக் கிளம்பிப் போனார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தைகூட வரவில்லை.

அன்றிரவு பேனா தாளைக் கிழிக்கும்படி அழுத்தி எழுதினாள்: "மார்ச் 15. நாளை: அதே எட்டுக் குழாய், மேடமே ஊற்றட்டும். நான் கட்டடத்துக்கு வெளியே, சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும் வளைகிறதா?"