கடைசிக்கு முந்தின பல்

வாயைத் திறந்தபடி கிடந்தாள்.

வலது கன்னம் மரத்துப்போய் யாருடையதோ போலிருந்தது. நாக்கிலும் பாதி இல்லை.

டாக்டர் அவள் முகத்துக்கு மேல் குனிந்திருந்தார். கண்கள் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியில் பச்சையும் சிவப்புமாக வரிகள் ஏறிக்கொண்டிருந்தன.

அவள் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு திரை. உள்ளே வந்தபோது அதில் அவளுடைய பற்களின் எக்ஸ்ரே இருந்தது. வலது பக்கம், கீழ்வரிசை, கடைசிப் பல். நடுவில் கறுப்பாக ஒரு குழி. "இவன்தான் ஆளு" என்று பேனா முனையால் தொட்டுக் காட்டியிருந்தார்.

ஊசி போட்டு மரத்துப்போகக் காத்திருந்த நேரத்தில் அந்தப் படத்தை மாற்றிவிட்டார்.

இப்போது அங்கே ஓடுவது என்னவென்று அவளுக்குத் தெரியும். வீட்டிலும் அதே எழவுதான். ஸ்கேனர். சந்தையில் இருக்கிற பங்குகளையெல்லாம் சலித்து, எது திடீரென்று ஏறுகிறதோ அதைப் பொறுக்கிப் போடும். புதிதாக ஒன்று விழுந்தால் ஒரு சத்தம்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவள் கணவர் அந்தச் சத்தத்துக்குத்தான் எழுந்திரிக்கிறார். அந்தச் சத்தத்துக்குத்தான் பாதிச் சோற்றில் கை கழுவுகிறார்.

இந்த டாக்டரிடம் கூட்டிவந்ததும் அவர்தான். "நம்ம குரூப்புல உள்ள ஆளாக்கும். நல்ல கைராசி."

என்ன குரூப் என்று அவள் கேட்டிருக்கவில்லை.

டிங்.

பல்லைப் பிடித்திருந்த இடுக்கி பிடியை விட்டு வெளியே வந்தது. கண்ணாடி நிமிர்ந்தது.

"ஜெசிந்தா, போய் அந்த மூணாவதைத் தொடு. என் கையில கிளவுஸ்."

உதவிக்கு நின்ற பெண், எச்சில் உறிஞ்சும் குழாயை அவள் வாயிலிருந்து எடுத்துவிட்டுப் போனாள்.

"அதில்ல, மேல. ஆங், அதுதான். வாங்குன்னு இருக்குல்லா, அமுக்கு."

எச்சிலும் ரத்தமும் தொண்டைக்கு இறங்கின. மல்லாந்து கிடப்பவள் எங்கே துப்ப? விழுங்கினாள்.

இடுக்கி வாய்க்குள் திரும்பி வந்தது. கண்ணாடி இன்னும் திரும்பவில்லை.

அசைத்தார். திருகினார். தாடைக்குள் எதுவோ முறிந்த சத்தம் எலும்பு வழியாகக் காதுக்கு வந்தது.

பல் எவர்சில்வர் தட்டில் விழுந்தது.

அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

வெள்ளைப் பல். வேர்கள் முழுசாக இருந்தன. குழியும் இல்லை, கறுப்பும் இல்லை.

விரலை வாய்க்குள் விட்டாள். கடைசிப் பல் அங்கேயே இருந்தது. குழியின் கூர்மையான ஓரம் விரல்நுனியைக் கீறியது. அதற்கு முன்னால் ஈரமான, மெத்தென்ற பள்ளம்.

ஜெசிந்தா தட்டைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

டாக்டரும் பார்த்தார்.

"அதுவும் ஆடிட்டு இருந்த பல்லுதாம்மா. எப்படியும் போறதுதான். மத்ததை அடுத்த வாரம் எடுத்துருவோம்."

அவள் பேசப் பார்த்தாள். நுரைதான் வந்தது.

கதவு திறந்தது. கணவர்.

ரத்தம் படிந்த விரலைத் தட்டின் பக்கம் நீட்டினாள். அவர் அருகே வந்தார். அவள் தலைக்கு மேலே பார்த்தார்.

"டாக்டரே, உங்களுக்கும் வந்துதா? நான் வெளிய இருந்தே போன்ல எடுத்துட்டேன்."

"தாணு அண்ணாச்சி கில்லாடில்லா!"

நாற்காலிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். இருவரும் அவள் வாய்க்கு மேலாகப் பேசிக்கொண்டார்கள். இன்னும் ஏறும் என்றார் ஒருவர். நாளைக்கும் ஏறும் என்றார் மற்றவர்.

அவள் விரலைத் தட்டிலிருந்து எடுத்து அவர் முகத்துக்கு நேராகத் தூக்கினாள்.

அவர் அந்தக் கையைப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கினார்.

"கொஞ்சம் இரு. மறைக்குது."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். யாரும் தாங்கிப் பிடிக்கவில்லை.

முப்பது வருஷமாகப் பார்த்த முகம். இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு மினுமினுப்பாக அதை அவள் பார்த்ததில்லை. திரையின் பச்சை அதன் கன்னத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் டாக்டருக்கும் அதே முகம்தான். கண்ணாடி மட்டும் கூடுதல்.

வாய் நிறைந்துகொண்டே வந்தது. இந்தத் தடவை அவள் விழுங்கவில்லை.

ஜெசிந்தா நாற்காலியை ஒட்டியிருந்த தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"துப்பிருங்கக்கா" என்றாள், தணிந்த குரலில்.

அவள் தொட்டியின் பக்கம் திரும்பவில்லை.